எரிந்து அணைய வேண்டிய விளக்கு

பணி ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம், தேனி அலுவலகத்தில் இப்போது மோட்டார் வாகன ஆய்வாளராக இருக்கும் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கம்பம் ஊருக்கு அருகே கவிழ்ந்த ஒரு காரை ஆய்வு செய்து அறிக்கை எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"மேடம், இந்த வண்டியில ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருந்துச்சான்னு ஸ்டேஷன்ல எழுதிக் கேட்டிருக்காக. டேஷ்போர்டுல சுவிட்ச் இருக்கு. இருக்குன்னு எழுதிரலாம்ல?"

"சுவிட்ச் இருக்குன்னு மட்டும் எழுதுங்க" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான மேடம்?"

இரண்டும் வேறு என்பதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படத் தக்கதன்று. தொலைபேசியில் அதை முழுவதும் சொல்ல இயலவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கும், மலைச் சாலையில் கார் ஓட்டுகிறவர்களுக்கும் ஒருவேளை பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தந்தை பள்ளி ஆசிரியர். மதுரையில் இயந்திரப் பொறியியல் படித்தேன். வகுப்பில் நாங்கள் பெண்கள் நால்வர். பிறகு ஒரு பேருந்துப் பணிமனையில் கிரீஸும் டீசலுமாகக் கழிந்த காலம், தேர்வு, நேர்காணல், பணி ஆணை. பல மாவட்டங்களுக்குப் பிறகு கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் தேனி மாவட்டத்திலேயே அமைந்தன. எங்கள் பக்கத்தில் இந்தப் பதவிக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'. நான் பெண் என்பதால் 'பிரேக் இன்ஸ்பெக்டரம்மா'. நான் பணியில் சேர்ந்த காலத்துக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே இருந்தது. பிரேக் பிடிக்கிறதா, ஸ்டீயரிங் திரும்புகிறதா, டயரின் பிடிமானப் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்ற மூன்றையும் கையாலும் கண்ணாலும் தீர்மானித்துவிடலாம். பிற்காலத்தில் கார்களுக்குள் கண்ணுக்கு அகப்படாத கருவிகள் வந்து சேர்ந்தன.

ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்கிற மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு அவற்றில் ஒன்று. ஏபிஎஸ் என்பதை இன்று பலரும் அறிவார்கள். பிரேக்கை மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது அதன் வேலை. நிலைத்தன்மைக் கட்டுப்பாடு அதற்கு அடுத்த படி. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பிய திசை ஒன்றாகவும், கார் உண்மையில் சுழலும் திசை வேறாகவும் இருந்தால், அது அந்த வேறுபாட்டை உணர்ந்து, ஏதேனும் ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் கொடுத்து, இஞ்சின் விசையையும் குறைத்து, காரை வழிக்குக் கொண்டுவர முயலும். முயலும் என்பதுதான் சரியான சொல். ஈரமான கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் வெளியே இழுத்துக்கொண்டு போகும் ஒரு காருக்கு அந்த முயற்சி உயிர்நாடியானது.

அது ஒரு காரில் உண்டா என்பதை அறியப் பிற்காலத்தில் நான் பின்பற்றிய முறை இது. பெயரைப் பார்க்க மாட்டேன். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. பின்கதவில் ஒட்டிய எழுத்துகள் எந்தக் கடையிலும் கிடைக்கும். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி, இஞ்சினை முடுக்காமல் மீட்டர் போர்டைப் பார்ப்பேன். எல்லா எச்சரிக்கை விளக்குகளும் சில நொடிகள் எரியும். அவற்றுக்கிடையே, பின்னால் இரண்டு வளைந்த கோடுகளுடன் வழுக்கிச் செல்லும் ஒரு காரின் படம் எரிய வேண்டும். எரிந்தால் மட்டும் போதாது, அணைய வேண்டும். எரிந்து அணைந்தால் கருவி இருக்கிறது, தன்னைத்தானே சோதித்துக்கொண்டு நலமாகவும் இருக்கிறது. எரிந்தபடியே நின்றால் இருக்கிறது, ஆனால் பழுது. எரியவே இல்லையென்றால் கருவி இல்லை, அல்லது யாரோ அந்த விளக்கை எடுத்துவிட்டார்கள். அந்தக் கடைசி ஐயத்தைத் தீர்க்க ஸ்கேனரைப் பொருத்தி, காரின் திருப்பத்தை உணரும் உணரியும் ஸ்டீயரிங் கோண உணரியும் பதில் தருகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கும் மேலே, சேசிஸ் எண்ணைக் குறிப்பிட்டுத் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்கலாம்.

இருக்கிறது என்று தெரிந்த கார்களிலும் அதை மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பது வேறு பாடம். ஒருமுறை சின்னமனூரில் வாகனச் சோதனையில், மேகமலை எஸ்டேட் வண்டி ஒன்றை நிறுத்தினேன். அந்தக் கட்டுப்பாட்டை அணைத்துவைத்திருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது என்னண்ணே, அணைச்சு வச்சிருக்கீக?" என்றேன்.

"அத அணைச்சாத்தாம்மா வண்டி மேல ஏறும். சகதியில கெடந்து எம்புட்டு மிதிச்சாலும் இஞ்சின அமுக்கிப்புடுது."

அது உண்மைதான். சேற்றில் சக்கரம் சுழலும்போது அந்தக் கருவி இஞ்சினை அடக்கும்.

"சரி, எறங்கும்போது?"

"எறங்கும்போது அது எதுக்கும்மா? வண்டி அதுவா எறங்கும்ல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வண்டியை நிறுத்தி மறுபடியும் முடுக்கச் சொன்னேன். கட்டுப்பாடு தானாகவே உயிர் பெற்று, விளக்கு அணைந்தது. மலையில் இறங்கத் தொடங்கும் இடத்தில் இதை ஒருமுறை செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இன்னொரு முறை உத்தமபாளையத்தில் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வந்த வாடகைக் காரின் மீட்டர் போர்டில் மாதா படம் ஒட்டியிருந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே அதே விளக்கு அணையாமல் எரிகிறது. "மாதா பாத்துக்கிருவாகன்னு ஒட்டுனேம்மா" என்றார் ஓட்டுநர். "மாதா பாக்கட்டும். அதுக்கு முன்னாடி நீங்க பாக்கணும்ல?" என்று திருப்பி அனுப்பினேன்.

இப்படிப் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்த நான்தான் அந்தத் தவற்றைச் செய்தேன்.

அப்போது எங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலராக இருந்தவர் என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். தஞ்சைப் பக்கத்துக்காரர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த அறிக்கையையும் அவர் மௌனமாகப் படிக்க மாட்டார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, எழுதியவரை எதிரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியின் கீழும் விரலை நகர்த்தி, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும் மாணவனைப் போல வாய்விட்டு வாசிப்பார். ஐயம் வந்தால் கேள்வி கேட்பதில்லை. அந்த வரியை இரண்டாம் முறை வாசிப்பார். நாம் எழுதிய வாக்கியத்தை இன்னொருவர் குரலில் இரண்டு முறை கேட்டால் அதில் எங்கே பொத்தல் இருக்கிறது என்று நமக்கே தெரிந்துவிடும். அலுவலகத்தில் சிலர் இதைக் கேலி செய்தார்கள். எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

வழக்கு இதுதான். போடியில் ஏலக்காய் வணிகம் செய்யும் தனுஷ்கோடி என்பவரின் கார், ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல், போடிமெட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் மொக்கராசு, அவரிடம் ஆறு ஆண்டுகளாக வேலை பார்த்தவர். பக்கத்து இருக்கையில் தனுஷ்கோடியின் மனைவிக்குத் தம்பி பிரபு. ஒரு வளைவில் எதிரே லாரி அகலமாகத் திரும்பி ஏறியிருக்கிறது. மொக்கராசு பிரேக்கை மிதித்து இடப்பக்கம் ஒடித்திருக்கிறார். காரின் பின்பகுதி வெளியே இழுத்துக்கொண்டு போக, வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, தடுப்புச் சுவரில் இடப்பக்கம் மோதி நின்றது. மொக்கராசுவுக்குத் தோள்பட்டையில் அடி. பிரபு மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்துவிட்டார். அவருக்கு முப்பத்து நான்கு வயது.

உயிரிழப்பு நேர்ந்த விபத்து என்பதால் அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டியதாக மொக்கராசு மீது வழக்குப் பதிவாயிற்று. அவருடைய ஓட்டுநர் உரிமத்தைக் காவல்துறையினர் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். காரை ஆய்வு செய்து, விபத்து இயந்திரக் கோளாறால் நேர்ந்ததா என்று சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

காவல் நிலைய வளாகத்தில் கார் நின்றது. இடது முன்பகுதி நசுங்கி, பேட்டரி உடைந்து கிடந்தது. தூறல் நிற்கவில்லை. தனுஷ்கோடி குடையை எனக்குப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். துக்கத்தில் சவரம் செய்யாத முகம்.

"டாப் மாடல் மேடம். மதுரையில செகண்ட்ஸ்ல பாத்துப் பாத்து வாங்குனது. மலைக்குப் போயி வர்ற வண்டின்னு ஸ்கிட் கன்ட்ரோல் இருக்கிறதாக் கேட்டு வாங்குனேன். இந்தா பாருங்க சுவிட்ச். இம்புட்டும் இருந்தும் இந்தப் பய கவுத்துப்புட்டான்."

ஸ்டீயரிங்குக்கு வலப்புறம், வழுக்கும் காரின் படம் போட்ட பொத்தான் இருந்தது. பின்கதவில் உயர்ரகத்துக்கு உரிய எழுத்துகள் இருந்தன. பதிவுச் சான்றில் மாடல் பெயரின், ரகத்தைக் குறிக்கும் கடைசி எழுத்துகள் அச்சில் வெட்டுப்பட்டிருந்தன. பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் டயர்களையும் முறைப்படி பார்த்தேன், குறையில்லை. பிறகு எழுதினேன்: "வாகனத்தில் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு பொருத்தப்பட்டுள்ளது. அதில் கோளாறு ஏதும் காணப்படவில்லை."

இதற்குச் சில நாள்களுக்கு முன்தான் ஒரு கல்லூரியில் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசியிருந்தேன். அதே பொத்தானின் படத்தைத் திரையில் காட்டி, "இது உங்கள் வீட்டுக் காரில் இருந்தால் அந்த வசதி இருக்கிறது என்று பொருள்" என்று மாணவர்களுக்குச் சொன்னேன். மேடையில் எளிமைக்காகச் சொன்ன ஒரு வாக்கியம் அறிக்கையில் உண்மையாகிவிட்டது.

என் இரண்டு வரிகளும் ஒரு மாதத்தில் வேறு உருவம் பெற்றன. உரிமத்தை ஏன் தற்காலிகமாக ரத்து செய்யக்கூடாது என்று மொக்கராசுவுக்குச் சென்ற அறிவிப்பில், "நிலைத்தன்மைக் கட்டுப்பாடு நல்ல நிலையில் இருந்தும் வாகனம் முழுச் சுற்று சுழன்றிருப்பதால், மிகை வேகம் தெளிவாகிறது" என்று இருந்தது. காவல்துறையின் ஆவணத்திலும் அதே வாதம். வேகத்தைக் கண்ட சாட்சி எவரும் இல்லை. லாரி நிற்காமல் போய்விட்டது. ஒரு மனிதன் வேகமாக ஓட்டினான் என்பதற்கு இருந்த ஒரே சான்று, நான் எழுதிய வாக்கியம்.

விசாரணைக்கு மொக்கராசு வந்தார். தனுஷ்கோடியும் கேட்காமலே வந்து அமர்ந்தார். அலுவலர் வழக்கம்போல் எழுந்து நின்று என் அறிக்கையை வாசித்தார். "அதில் கோளாறு ஏதும் காணப்படவில்லை" என்ற வரியை முடித்துவிட்டு, மேலே போகாமல் அந்த இரண்டு வரிகளையும் மறுபடி வாசித்தார்.

எனக்குக் காது சுட்டது.

"பொருத்தப்பட்டுள்ளதுன்னு எதை வச்சு மேடம்?" என்றார்.

"சுவிட்ச் இருந்தது சார்."

"கோளாறு இல்லைங்கிறது?"

பேட்டரி உடைந்திருந்த காரில் அதை நான் சோதித்திருக்கவே முடியாது. "சோதிக்கலை சார்" என்றேன்.

அவர் மொக்கராசுவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

"மொதலாளி அப்பிடித்தான் சொன்னாக சார், அது இருக்குன்னு. எனக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. முப்பதுலதான் வந்தேன். பின்னாடி இழுத்துட்டுப் போயிருச்சு."

"முப்பதுல வந்த வண்டி பம்பரமாட்டம் சுத்துமாலே?" தனுஷ்கோடி இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். "எம் மச்சினன் உசுரு போயிருக்குலே!"

"நானும் அதே வண்டியிலதான் இருந்தேன், மொதலாளி."

"உக்காருங்க ஐயா" என்றார் அலுவலர். "ரெண்டு பேரும் என்கிட்ட பேசுங்க."

எனக்கு அப்போது ஒன்று கேட்கத் தோன்றியது. "மொக்கராசு, காலையில வண்டிய எடுக்கும்போது சாவியப் போட்டதும் என்ன செய்வீங்க?"

"சாமி கும்புடுவேம்மா."

"கும்புட்டுக் கிழிச்ச" என்றார் தனுஷ்கோடி, மெதுவாக.

"எவ்வளவு நேரம்?"

"அந்தச் சுருள் கம்பி வெளக்கு அணையிற வரைக்கும்மா. டீசல் வண்டில்ல, அது அணைஞ்ச பெறகுதான் ஸ்டார்ட் பண்ணணும். அதுவரைக்கும் சும்மா இருக்காம கும்புட்டுக்கிருவேன்."

மலைப் பாதையில் ஓட்டுகிற டீசல் வண்டிக்காரர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இஞ்சின் சூடேறும் அந்தச் சில நொடிகள்தான் அவர்களுடைய வழிபாட்டு நேரம். எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிந்து அணையும் நேரமும் அதுவே என்பது எனக்கு அந்த அறையில்தான் உறைத்தது. ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு காலையிலும் கைகூப்பியபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தது மீட்டர் போர்டை.

"வேற எதெது எரியும்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல் விட்டார். "பேட்டரி. ஆயில். ஹேண்ட்பிரேக். பெல்ட் போட்ட ஆளு. ஏர்பேக். ஏபிஎஸ். இஞ்சின் படம். அம்புட்டுத்தாம்மா."

"வழுக்குற கார்? பின்னாடி ரெண்டு வளைஞ்ச கோடு?"

"அது சுவிட்சுலதாம்மா இருக்கு. மீட்டர்ல நான் ஒரு நாளும் பாத்ததில்ல."

அது தனக்குச் சாதகமான பதில் என்று அவருக்குத் தெரியவில்லை. ஏதோ குறையை ஒப்புக்கொள்வதுபோல் சொன்னார். அலுவலர் கோப்பை மூடினார். "மேடம், மறுபடியும் பாருங்க. எதுவரைக்கும் பாத்தீங்களோ, அதுவரைக்கும் எழுதுங்க" என்றார்.

அடுத்த வாரம் காவல் நிலைய வளாகத்தில் கூடினோம். ஸ்கேனரும் ஒரு பேட்டரியும் கொண்டுவரக் கார் எலக்ட்ரீசியன் அந்தோணியை அழைத்திருந்தேன். தலைமைக் காவலர் ஒருவர், மொக்கராசு, தனுஷ்கோடி ஆகியோர் உடனிருந்தனர். அறுந்த கம்பிகளைப் பிரித்துத் தனிமைப்படுத்திய பின் பேட்டரியை இணைத்தோம். மீட்டர் போர்டு உயிர் பெற்றது. மொக்கராசு சொன்ன விளக்குகள் அனைத்தும் எரிந்தன, சுருள் கம்பியையும் சேர்த்து எட்டு. வளைந்த கோடுள்ள விளக்கு எரியவில்லை.

"பல்ப எடுத்திருப்பான்" என்றார் தனுஷ்கோடி.

அதற்கும் வாய்ப்பு உண்டு என்பதால் மேலே சென்றோம். ஸ்கேனரில் பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஏபிஎஸ் என்று மட்டும் தன்னை அறிவித்தது. காரின் திருப்பத்தை அளக்கும் உணரி அதன் பட்டியலிலேயே இல்லை. முன்னிருக்கைகளுக்கு நடுவே உள்ள மூடியைக் கழற்றினோம். உணரியைப் பொருத்த வேண்டிய இடத்தில் இரண்டு வெறும் துளைகள் இருந்தன; அவற்றில் போல்ட் ஏறிய தடமே இல்லை. பெட்டியின் மேலிருந்த பாக எண்ணைக் குறித்துக்கொண்டேன். கடைசியாக அந்தோணி சுவிட்சை நெம்பி வெளியே எடுத்தார். பின்னால் இருக்க வேண்டிய இணைப்புக்குப் பதில், பக்கத்துச் சுவிட்சிலிருந்து இழுத்த இரண்டு மெல்லிய ஒயர்கள், கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி.

"இது சும்மா வெளிச்சத்துக்கு" என்றார் அந்தோணி. "ஹெட்லைட்டப் போட்டா பச்சையா எரியும். வேற ஒண்ணும் செய்யாது."

"யாரு மாட்டியிருப்பா?" என்றேன்.

"யாரு வேணா மாட்டலாம்மா. கீழ் மாடல்ல அந்த எடம் மூடி போட்டுப் பொக்கை வாயாட்டம் இருக்கும். பாக்க நல்லால்லன்னு கஸ்டமர் கேப்பாக. நானே நாலஞ்சு வண்டிக்கு மாட்டி விட்டிருக்கேன். அழகுக்குத்தான, இதுல என்ன..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், தனுஷ்கோடியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தனுஷ்கோடி அந்தச் சுவிட்சை வாங்கி அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். மீட்டர் போர்டைக் குனிந்து பார்த்தார். பிறகு நிலையத்தின் படியில் போய் அமர்ந்துகொண்டார். மொக்கராசு அவருக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

சேசிஸ் எண்ணுக்குத் தயாரிப்பாளரிடமிருந்து பதில் வரச் சில வாரங்கள் ஆயின. கீழ்ரகம், நிலைத்தன்மைக் கட்டுப்பாடு ஆலையிலேயே பொருத்தப்படாதது. இரண்டாம் அறிக்கையை எழுத எனக்கு மூன்று நாள்கள் தேவைப்பட்டன; தயங்க வைத்தவை இரண்டு. முதலாவது என் தவறு. அதை விளக்கம் என்றோ கூடுதல் தகவல் என்றோ மறைக்கலாம்; நீதிமன்றத்தில் என் சொல்லுக்கு மதிப்புக் குறையாமல் இருக்கும். ஆனால் மறைத்தால் முதல் வாக்கியத்துக்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கும். அதை ஒரு வழக்கறிஞர் மீண்டும் எழுப்பி நிறுத்தக்கூடும். "சோதிக்காமல் எழுதப்பட்டது, திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதினேன். இரண்டாவது, எதிர்த் திசையில் இழுத்த ஆசை. அந்தக் கருவி இருந்திருந்தால் பிரபு பிழைத்திருப்பார் என்று எழுதினால் மொக்கராசுவுக்கு முழுமையான பாதுகாப்பு. அதுவும் நான் பார்க்காத ஒன்று. எனவே, இக்கருவி இல்லாத கார் ஈரச் சாலையில் மிதமான வேகத்திலும் சுழலக்கூடும், ஆகையால் சுழன்றதை மட்டும் கொண்டு வேகத்தை முடிவு செய்ய இயலாது என்பதோடு நிறுத்தினேன். கல்லூரி முதல்வருக்கும் ஒரு கடிதம் எழுதி, நான் சொன்னது தவறென்று மாணவர்களுக்கு அறிவிக்கக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாம் விசாரணைக்கு வந்தபோது மொக்கராசு உரிமத்தை இழந்து மூன்று மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தன. ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். வலது தோளில் அடிபட்டிருந்ததால் இடது தோளில் மட்டுமே சுமப்பதாகச் சொன்னார். அலுவலர் அறிக்கையை நின்றபடியே வாசித்து முடித்தார். இந்த முறை எந்த வரியையும் இரண்டாம் தடவை வாசிக்கவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும் சார்" என்று தனுஷ்கோடி எழுந்தார். "அன்னைக்கு இவுக மெட்டு தாண்டி எறங்கும்போது நான் போன் போட்டேன். கடையில வெளியூர் ஆளுக வந்து காத்துக்கிட்டு இருந்தாக. பிரபு ஸ்பீக்கர்ல போட்டான். வெரசா வாங்கலேன்னேன். 'மழையா இருக்கு மொதலாளி'ன்னு இவன் சொன்னான். 'வண்டியிலதான் அம்புட்டும் இருக்குல்ல, பயப்படாம வாலே'ன்னு சொன்னேன்."

அலுவலர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன் வைத்தார்.

"இதை எழுதிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார் அலுவலர்.

"குடுக்கிறேன் சார். போலீஸ்லயும் குடுக்கிறேன். என் வீட்டுலதான் இன்னும் சொல்லல."

அலுவலர் மொக்கராசுவைப் பார்த்தார். "அதுக்கப்புறம் வேகமா வந்தீங்களா?"

"இல்ல சார். மொதலாளி சொன்னாருன்னு மலையில வெரசா எறங்க முடியுமா? 'சரி மொதலாளி'ன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு முப்பதுலதான் வந்தேன்."

மிகை வேகம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று பதிந்து, உரிமத்தைத் திருப்பித் தர அலுவலர் ஆணையிட்டார். நீதிமன்ற வழக்கு பிறகும் நடந்தது. சாட்சிக் கூண்டில், "முதல் அறிக்கையில் பொய் எழுதினீர்களா?" என்று என்னைக் கேட்டார்கள். பார்க்காததைப் பார்த்ததுபோல் எழுதினேன் என்றேன். மொக்கராசு விடுதலையானார். எனினும் எனக்கு அந்த வழக்கு முடிந்தது, உரிமம் திரும்பிய அன்று மாலை, அலுவலக வாயிலில்.

நான் வெளியே வந்தபோது அவர் உரிமத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, மொத ரிப்போர்ட்ட எழுதுனதும் நீங்கதான். இப்ப எழுதுனதும் நீங்கதான்" என்றார். "நான் உங்களக் கும்புடவா, வையவா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. எனக்கும் யோசிக்க வேண்டியிருந்தது.

"வைங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அது மூணு மாசமா எங்க வீட்டுல நடந்துக்கிட்டுத்தாம்மா இருக்கு. காலையில அடுப்பப் பத்த வைக்கும்போதே பிரேக் இன்ஸ்பெக்டரம்மாவ வைய ஆரம்பிச்சிருவா எம் பொண்டாட்டி. இன்னைக்குப் போயி நிப்பாட்டச் சொல்றேன்."

போடிப் பேருந்து வந்தது. ஓடிப் போய் ஏறிக்கொண்டார். அவர் மனைவி நிறுத்தினாரா என்பது எனக்குத் தெரியாது.